எனாமல்

சதுர அடிக்கு இருபத்தெட்டு ரூபாய்.
சாரம் கட்டும் கூலி தனி.
மேல்நிலைத் தொட்டியின் வயிற்றைச் சுற்றிச்
சிரிக்கும் முகங்கள் பன்னிரண்டு,
அடியில் ‘நீரே உயிர்’ என்று மஞ்சளில்.
அவ்வளவுதான் வேலை.

ஒன்றிய அலுவலகத்து ஆள் கைப்பேசியில் காட்டிய மாதிரியில்
எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கன்னம், ஒரே பல்.
எந்த ஊர்ப் பிள்ளைகளோ.
குட்டூரள்ளி முகங்களையே போடுகிறேனே, என்றேன்.
போடு பெயிண்டரம்மா, என்றார் தலைவர்,
ரேட்டு ஏறாதவரைக்கும்.

தொட்டிக்கடியில் ஸ்டூல் போட்டேன்.
தறிக்கார வீட்டு நஞ்சம்மாவிடம்
நகு, என்றேன்.
தக்காளி மண்டித் திம்மராயனிடம்
நவ்வு.
மாங்கூழ்க் கம்பெனிக்குப் போகும் ஷம்ஷாத்திடம்
ஹசோ.
காலனியிலிருந்து வந்து
ஸ்டூலைத் தொடாமல் நின்ற மாரக்காவிடம்
மொதல்ல உட்காருங்க,
அப்புறம் சிரிங்க.

நாலு மொழியிலும் கேட்டாயிற்று.
நாலு மொழியிலும் ஒரே கைதான் எழுந்து வந்து
வாயை மூடிக்கொண்டது.

கெஞ்சிக் கையை இறக்கினால்
பல்லெல்லாம் பட்டை பட்டையாய்ப் பழுப்பு.
சிலருக்குக் களி நிறம்,
சிலருக்குப் புளியங்கொட்டை.
என் நாக்கும் தானாகப் போய் என் பல்லைத் தடவியது.
நானும் காரிமங்கலத்துத் தண்ணீரில் வளர்ந்தவள்.

ஊர்க்குழாய் ஒன்று. காலனிக்குழாய் ஒன்று.
நடுவில் இருபதடித் தெரு,
அதை யாரும் சும்மா கடப்பதில்லை.
இரண்டுக்கும் கீழே
எண்ணூறு அடியில் இருப்பது ஒரே பாறை.

முகாமுக்கு வந்த பல் டாக்டர் சொன்னாராம்:
எனாமல் போயிடுச்சு, இனிமே வராது.
எனக்கு எனாமல் என்றால் நாலு லிட்டர் டப்பா,
டர்பன்டைன் வாசம்,
நகக்கண்ணில் ஒரு வாரம்.

அந்தப் பழுப்புக்கு நான் பட்ட பாடு!
காவியில் ஒரு சொட்டுக் கறுப்பு,
கூடினால் வெற்றிலைக் கறை,
குறைந்தால் வெறும் வெயில்.
ஷம்ஷாத் கீழிருந்து கத்தினாள்,
என்னுது இன்னும் கொஞ்சம் டார்க்கு!

மாரக்காவை நஞ்சம்மாவுக்குப் பக்கத்தில் போட்டேன்,
தோள் இடிக்க.
பைக்கை நிறுத்தி ஒருவர் கேட்டார்,
இது என்ன வரிசை?
தொட்டி உருண்டைங்கண்ணா, என்றேன்,
இதுல முன்னேது, பின்னேது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு தெருவும் வந்து நின்றது,
கொஞ்சம் தள்ளித் தள்ளித்தான்.
அண்ணாந்து பார்க்கிறபோது
வாயை மூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மாரக்கா
இரண்டு குழாயிலும் ஒவ்வொரு பாட்டில் பிடித்தாள்.
எது எந்தக் குழாய் என்று எழுதவில்லை.
எழுதணுமா, என்று கேட்டாள் நஞ்சம்மா.
பதினோரு பேர், தர்மபுரி பஸ்,
கலெக்டர் ஆபீஸ், குறைதீர் நாள்.
மனுவை எழுதியது நான்.
என் கையெழுத்து போர்டு எழுத்து மாதிரி
ரொம்பப் பெரிசாய் இருந்ததாம்,
கிளார்க் சிரித்தார்.

வியாழக்கிழமை தலைவர் போன் செய்தார்.
அதிகாரி வர்றாரு. பல்லை மட்டும் வெள்ளையாக்கிடு.
அதுக்கும் சதுர அடி கணக்குப் போட்டுத் தர்றேன்.

மறுக்கலாம்தான்.
இரண்டு மாத வாடகை பாக்கி.
ஏறினேன்.
பன்னிரண்டு வாய்க்கும்
ஒரு மணி நேரத்தில் பல் விளக்கிவிட்டேன்.
அதிகாரி வந்தார், காருக்குள்ளிருந்தே பார்த்தார்,
நல்லா இருக்கே, என்றார்.

எந்த வெள்ளை என்று அவர்கள் சொல்லவில்லை.
நான் கரைத்தது சுண்ணாம்பு.
எனாமல் மேல் சுண்ணாம்பு நிற்காது.
பிரஷ் பிடித்த எவருக்கும் தெரியும்.

ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினேன்.
மாரண்டஅள்ளிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது.
நஞ்சம்மா குடத்தைக் கீழே வைத்தாள்,
மேலே பார்த்தாள், மேகத்தைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.

எப்ப? என்றாள்,
பல் தெரிய.