தொண்ணூற்றைந்தே கால்

ஹெரால்டின் ரிம் இரண்டு
பானஸ்வாடிப் பாலத்து இறக்கத்துக் குழியில் போயின.
மூன்றாவதைத் தட்டித் தட்டி ஓட்டினேன்.
நான்காவது நன்றாகத்தான் இருந்தது.
ஒற்றைச் சக்கரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய.

சிவாஜிநகர் குஜ்ரியில் சான்ட்ரோ ரிம்
ஜோடி ஆயிரத்து நூறு.
போல்ட் வட்டம் நூறு மில்லிமீட்டர்.
என்னுடையது தொண்ணூற்றைந்தே கால்.
“அஞ்சுகூட இல்லையே, கொஞ்சம் நகர்த்தி விடுங்களேன்”
என்றேன் பீன்யாவில்.

ஷைலேந்திரா வெர்னியரை மூடிச் சிரித்தான்.
“ஆகல்ல மேடம். தூரமா இருந்தா பக்கத்துல துளைச்சிடலாம்.
இவ்ளோ கிட்ட இருந்தா
புது ஓட்டை பழைய ஓட்டைக்குள்ளயே விழும்.
ஸ்டட் நிக்காது.”

ஹப்பை அரைக்கால் சுற்று திருப்பினான்.
பழைய துளைகளுக்கு நடுவே
யாரும் தொடாத இரும்பில்
நீல மை பூசிக் கீறினான்.
பஞ்ச் மூன்று முறை விழுந்தது.
நான்காவதற்குக் கரண்ட் போயிற்று.

இருட்டில் டீ வந்தது.
பரணீதரன் எனக்கு அண்ணன்.
கல்யாண்நகரில் அவன் மூன்றாவது குறுக்கு, நான் நான்காவது.
அவன் பால் வாங்கும் கடையில் நான் முட்டை வாங்குகிறேன்,
வேறு நேரத்தில்.
வண்டி பாதிப் பாதி போட்டு வாங்கியது.
ஒரு ஸ்க்ரூவும் மாற்றக் கூடாது,
ஒரிஜினலாகவே நிற்கட்டும் என்றான்.
நின்றது. ஆறு வருடம்.

கரண்ட்.
எட்டு மில்லி, பத்து, பிறகு ரீமர்.
பால்போல் கூலண்ட் வழிய
சுருள் சுருளாக இரும்பு.
ஒன்று என் செருப்புக்குள் புகுந்து சுட்டது.

இப்போது எட்டுத் துளை.
நான்கில் ஸ்டட்.
மற்ற நான்கு வழியாகத் தெரிந்தன
எதிர்ச் சுவர், பாதி காலண்டர், தூங்கும் நாயின் வால்.
“அடைச்சிடலாமா?”
“வெல்டு வெச்சா ஹப் கோணும். சக்கரம் மாட்டினா தெரியாது.
எம்பது கிலோமீட்டர் ஓடினதும் நிறுத்தி
ஒருவாட்டி முறுக்கிப் பாருங்க.
புதுசுல உட்காரும்.”

ஊருக்குள்ளேயே சுற்றினேன், மூன்று நாள்.
எண்பது ஆனபோது பால்கடை வாசல்.
வேண்டுமென்று இல்லை.
வேண்டாமென்றும் இல்லை.

மண்டியிட்டு ஸ்பேனரை மாட்டும்போது
பக்கத்தில் இரண்டு ரப்பர் செருப்பு.
கையில் அரை லிட்டர் பாக்கெட், சொட்டுகிறது.

“சான்ட்ரோவா.”

“ம்.”

மூன்று நட்டு அசையவில்லை.
நான்காவது கால் சுற்று உள்ளே போயிற்று.

“வரிசையா முறுக்காத,” என்றான்.
“எதிரும் புதிருமா முறுக்கு.”