கராம்பு

மின்கம்பத்தில் அவருடைய முகம்.
அடுத்த கம்பத்தில் இன்னொருவர்.
பலாலி வீதியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால்
பரமேஸ்வராச் சந்திக்குள் ஒன்பது சேர்மார் சிரிப்பார்கள்.
ஒருவருக்கும் பல் ஒழுங்காய் இல்லை.
இதை நான் மட்டும்தான் கவனிக்கிறேன் போல.

புள்ளி பூச்சியம் எட்டு நான்கு.
போன முறை நான் தவறவிட்டது இவ்வளவுதான்.
விரல் நகத்தில் வைத்து ஊதிவிடலாம்.
ஆனால் அதற்குள் ஒரு பேராதனை இருந்தது,
குளிர், மலை, வெள்ளை மேலங்கி,
பிளாஸ்ரர் தாடைகள் அடுக்கிய கண்ணாடி அலுமாரி.
உயிரியல் பிழையில்லை. பௌதிகம் தப்பியது.
இரசாயனம்தான் என்னைக் கவிழ்த்தது.

"மெடிசின் வராட்டித்தானே டென்ரல்" என்கிறாள் யதுர்சிகா.
எனக்கு அதுதான் முதலாவது என்றால் நம்பமாட்டாள்.
ஒன்பதாம் வகுப்பில், பள்ளிக்கு வந்த பல் முகாமில்
கரண்ட் போய், ரோச் பிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள்.
யாரோ ஒரு சின்னப் பெடியனின் வாய்.
கடைவாய்ப் பல்லில் கறுத்த கிணறு,
அதன் அடியில் உயிரோடு ஏதோ சிவப்பாய்.
பக்கத்தில் நின்ற ரீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டா.
என் கை நடுங்கவில்லை.
அவ்வளவுதான் காரணம்.

சரி, எந்த வகுப்பு?

அப்பா பழைய கலண்டரின் பின்பக்கத்தில் கோடு கீறினார்.
சங்கக்கடை மனேஜர், எதையும் நிறுத்துத்தான் பார்ப்பார்.
கொக்குவில் ஹோல்: அறுநூறு பேர், மைக்,
பின்வாங்குக்காரருக்குத் திரை.
போன வருசம் பதினேழு பேர் டொக்டர் என்று பனர்.
அப்பா பென்சிலைக் காதில் செருகினார்:
"மிச்சப் பேரின்ர படத்தை எங்க போட்டிருக்கினம்?"
சூம் வகுப்பு: கொழும்பு ஆள், கெட்டிக்காரராம்.
எங்கள் ஒழுங்கையில் சிக்னல் கொய்யாமரத்தடியில் மட்டும்.
மூன்றாவது, நல்லூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டில்.
பதினொரு பேர். நோட்டீஸ்கூட இல்லை.

முதல் வகுப்பு இலவசம். மூன்றுக்கும் போனேன்.
ஹோலில் சேர் பகிடி விட்டார்,
எல்லோரும் சிரித்த இடத்தில் நானும் சிரித்தேன்.
வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தால்
பகிடி மட்டும்தான் ஞாபகம்.
கொய்யாவடியில் எறும்பு கடித்தது.
பென்சீன் வளையம் பாதியில் உறைந்து நின்றது.

கொட்டிலில் குகதாசன் சேருக்கு
இடது கன்னம் பணியாரம்போல் வீங்கியிருந்தது.
கராம்பு மணம் முன்வாங்குவரை வந்தது.
"கதைக்க ஏலாது" என்று பலகையில் எழுதினார்.
அதன் கீழே ஒரு கணக்கு.
பிறகு கதிரையில் இருந்து கன்னத்தைப் பொத்திக்கொண்டார்.

தகரத்தில் வெயில் முறிகிற சத்தம்.
நாற்பது நிமிசம் ஒருவரும் ஒன்றும் சொல்லித்தரவில்லை.
மூன்று தரம் பிழைத்தது. நாலாம் தரம் வந்தது.
எனக்கு, என்னிலிருந்தே வந்தது.
கொப்பியை நீட்டினேன்.
அவர் போட்ட சரியின் வால்
வலியில் பக்கத்தின் கரைவரை இழுபட்டது.
கீழ் இடது, ஆறாம் பல்
என்று நான் மனதுக்குள் எழுதிவைத்தேன்.

அன்றைக்கே காசு கட்டினேன்.
யதுர்சிகாவையும் இழுத்துச் சேர்த்துவிட்டேன்.

அடுத்த சனி வீக்கம் வற்றிவிட்டது.
சேர் கதைத்தார்.
மூன்று மணித்தியாலம்,
ஆவர்த்தன அட்டவணையிலிருந்து தன் கலியாணவீடுவரை.
யதுர்சிகா என்னைப் பார்த்தாள்.
நான் பலகையைப் பார்த்தேன்.

காசு திருப்பித் தரமாட்டார்கள்.
இப்போது இரவில், எல்லோரும் படுத்தபின்,
ஒரு கராம்பை வாய்க்குள் போட்டுக்கொண்டு
ஒரே ஒரு கணக்கை எடுத்து வைக்கிறேன்.
நாற்பது நிமிசம்.
ஒருவரும் கதைக்கக்கூடாது,
நானும்.