விட்டுப்போன காரணம்

வாடகை விண்ணப்பத்தில்
முந்தைய முகவரிகளுக்கு மூன்று கோடுதான் இருந்தது.
கெல்சி இன்னொரு தாள் கேட்டாள்.

ஒஷாவாவில் அன்று பெய்தது பனியுமில்லை, மழையுமில்லை.
கூட வந்த சிறுவர் பராமரிப்பு அலுவலர்
சப்பாத்தைக் கழற்றுவதா விடுவதா என்று
வாசலிலேயே நின்றார்.
நான் பாண் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து
இமையெல்லாம் மாவோடு இருந்தேன்.
நிலக்கீழ் அறையைக் காட்டும்போதே சொல்லிவிட்டேன்:
முதல் மாதமும் கடைசி மாதமும் முன்காசு,
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது,
பிணை நிற்க ஓர் ஆள் வேண்டும்.

ஆள் என்றதும்
இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
காசு கொஞ்ச வருஷத்துக்கு வரும், என்றார் அலுவலர்.

பதினொரு முகவரி எழுதினாள்.
போனைப் பார்க்கவில்லை, யோசிக்கவில்லை.
லின்ட்சே, பீட்டர்பரோ, கோபர்க், மறுபடி லின்ட்சே,
அஞ்சல் குறியீடுகள் அவளுக்கு
வாய்ப்பாடு மாதிரி வந்தன.
பக்கத்துக் கட்டத்தில்
விட்டுப்போன காரணம்:

அவர்களுக்குக் குழந்தை பிறந்தது.
வீட்டை விற்றார்கள்.
நாய்க்கு என்னைப் பிடிக்கவில்லை.
தெரியாது.
தெரியாது.
அந்த அம்மாவுக்கு முதுகுவலி.
நான் கத்தினேன்.
தெரியாது.

கடைசிக் கட்டத்தில்
பிறந்தநாள் என்று எழுதியிருந்தாள்.

பிழை என்று நினைத்தேன்.
பிறந்த திகதிக்கு மேலே வேறு கட்டம் இருக்கே பிள்ளை, என்றேன்.
அலுவலர் இருமினார்.
"பதினெட்டாகிவிட்டது" என்றாள்,
பஸ் போய்விட்டது என்பதுபோல.

அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற இடத்தில்
சின்னதாய் ஒரு கோடு கிழித்தாள்.

"வேண்டாம், கரைச்சல்" என்றார் என்னவர்.
"நாளைக்கு ஒண்டெண்டால்
ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"
அவர் சொன்னதில் பிழையில்லை.
வீட்டுக்கடன் அந்த மாதம்தான் ஏறியிருந்தது.
மூன்று நாள் நான் அவளை அழைக்கவில்லை.

மூன்றாம் நாள், தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்க,
அந்தத் தாளின் பின்பக்கம்
என்னுடையதை எழுதிப் பார்த்தேன்.
கொக்குவில்.
தொண்ணூற்றைந்தில் சாவகச்சேரி,
காரணம் எழுத அந்தக் கட்டம் காணாது.
கிளிநொச்சி. வவுனியா. கொழும்பில் ஒரு லொட்ஜ்.
ஸ்காபரோவில் மூன்று.
எண்ணிக்கையில் நானும் அவளும் கிட்டத்தட்டச் சரி.
ஆனால் என் ஒவ்வொரு வரியிலும்
யாரோ கூட வந்திருந்தார்கள்:
சட்டி தூக்க, வழி கேட்க,
ஒன்றுமில்லாவிட்டால் சண்டை பிடிக்கவாவது.

பிணையில்லாமல் சாவி கொடுத்தேன்.
பெருமைக்குச் சொல்லவில்லை.
கடைசி மாதக் காசை எண்ணி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன்.

கீழே சத்தமே இருக்காது.
குழாயைத் திறந்தால் நூலாய்த் திறப்பாள்.
உடுப்புத் தோய்க்கும் மெஷினைப் போட
ஒவ்வொரு முறையும் கதவைத் தட்டிக் கேட்பாள்.
கேட்கத் தேவையில்லை என்று எத்தனை தரம் சொல்லியும்
தட்டுவாள்.
எனக்கு எரிச்சலும் வந்திருக்கிறது.

பெப்ரவரியில் ஒரு பின்னேரம்,
நான் நித்திரையாய்க் கிடக்க, போன் வந்தது.
கோப்பிக்கடை அவனில் கையைச் சுட்டுவிட்டாள்.
வேலைக்கடதாசியில் என் நம்பர் இருக்கிறதாம்.
எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி மேசையில் இருந்தவள்
கணினியைப் பார்த்து, என்னைப் பார்த்து,
திரும்பக் கணினியைப் பார்த்தாள்.
"உறவுமுறை என்ற இடத்தில்
மேல்மாடி என்று போட்டிருக்கிறது.
நீங்கள்தானா?"

வேலைக்கோட்டுக்கு மேலே ஜாக்கெட்,
இரண்டு காலுக்கும் இரண்டு விதச் சொக்ஸ்.
ஓம், நான்தான், என்றேன்.

திரும்பும்போது காருக்குள்
ஹீட்டர் மட்டும் கதைத்தது.
"கேட்டுவிட்டுப் போட்டிருக்க வேண்டும்" என்றாள்.
"ஓம், கேட்டிருக்க வேணும்."
இரண்டு சிவப்பு விளக்குத் தாண்டி
கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு,
"ஆணி ஒன்று அடிக்கலாமா? ஒன்றே ஒன்று."

எதை மாட்ட என்று நான் கேட்கவில்லை.
கை ஆறட்டும், என்றேன்.
சுத்தியலுக்கு என்னவரைத்தான் கேட்க வேண்டும்.