வழி எப்படி

"வாஹத்" என்று எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.
சோனாங்குப்பம் தனவேலு முட்டியை மடக்கி நீட்டிக்கொண்டே
கூடவே சொல்கிறார்: வாஹத், த்னேன், தலாத்தே.
விசைப்படகுக் கயிற்றில் மாட்டி நசுங்கிய கால்.
டாக்டர் பாஷை என்று நினைத்திருக்கிறார்.
பத்து முடிந்ததும்தான் எனக்கு மஞ்சக்குப்பம் திரும்புகிறது,
பெரியாஸ்பத்திரி, கறகறக்கும் ஃபேன்,
அவருடைய மனைவி பிடித்திருக்கும் எக்ஸ்ரே கவர்.

நாப்லுஸில் இரண்டு வருஷம் எட்டு மாதம்.
அங்கேயும் இதே வேலைதான்.
மடக்குங்க, நீட்டுங்க, இன்னொரு தடவை.

திரும்பி வந்ததும் எல்லோரும் கேட்டது
சம்பளம் எவ்வளவு,
குண்டு விழுமா,
சோறு கிடைக்குமா.

சோறு கிடைத்தது.
மாடி வீட்டு உம் வஜ்தி சட்டியோடு தலைகீழாகத் தட்டில் கவிழ்ப்பாள்
அடியில் கிடந்த கத்தரிக்காய் மேலே வரும்படி.
தூக்கும்வரை யாரும் மூச்சு விடக்கூடாது.
ஒரு நாள் அதே நேரம் தெருமுனையில் ஜீப் வந்து நின்றது.
மூச்சு விடாமல்தான் இருந்தோம்
எதற்கு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.
சோறு உடையாமல் வந்தது.

எழில்வாணி என்ற பெயரில் ழ அவளுக்கு வரவில்லை.
அவர்கள் எழுத்து ஒன்று, கடைவாய்ப் பல்லில் நாக்கை அழுத்திச் சொல்வது,
எனக்கு வரவில்லை.
சரிக்குச் சரி என்று சிரித்தாள்.

விடிந்ததும் யாரும் நலமா என்று கேட்பதில்லை.
வழி எப்படி, என்பார்கள்.
டாக்சிக்காரருக்கு ஒரு போன், மைத்துனருக்கு ஒரு போன்,
திறந்திருக்கு, மூடியிருக்கு, திறந்த மாதிரி இருக்கு.

சமரும் நானும் ஒரே வண்டியில் போவோம்
ஒரே வெள்ளைக் கோட்டு, ஒரே அளவு டிபன் பாக்ஸ்.
துப்பாக்கி வைத்திருந்த பையனுக்கு இருபது வயசிருக்கும்.
என் நீலப் பாஸ்போர்ட்டைப் பார்த்து முகம் மலர்ந்தான்.
"இந்தியாவா? கோவா போகப்போகிறேன்!"
கடலூர்க்காரி நான், கோவா பார்த்ததில்லை.
போ என்று கையசைத்தான்.
சமர் தகரக் கொட்டகைக்குக் கீழே நின்றாள்
அவள் பிறந்த மண்ணில்.

முதலில் அந்தப் பக்கம் போய்க் காத்திருந்தேன்,
நாற்பது நிமிஷம், ஒரு நாள் மூன்று மணி நேரம்.
நாலாவது மாதம் காத்திருப்பதை விட்டுவிட்டேன்.
நோயாளிகள் இருந்தார்கள் என்பது உண்மை.
அது மட்டும்தான் உண்மை என்று சொல்லமாட்டேன்.

"உங்க ஊர்ல இப்படி உண்டா?" என்று கேட்டாள் ஒருமுறை
சேஜ் இலை போட்ட டீ ஆறிக்கொண்டிருக்க.
இல்லை என்றேன்.

அன்றிரவு தண்ணீர் வரவில்லை.
கறுப்புத் தொட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது
அம்மாவின் ஊர் ஞாபகம் வந்தது, பெயர் வேண்டாம்,
தேர் வந்து திரும்பிவிடும் ஒரு முனை.
அதற்கு அந்தப் பக்கத்துச் சாவுகள்
எங்கள் தெரு வழியே போனதில்லை.
நடவு வயலில், முழங்கால் சேற்றில்,
பாடையைத் தூக்கிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்
லீவுக்குப் போன பிள்ளையாக, ஐஸ் சப்பிக்கொண்டு.
தேர் வரும் தெருப் பெண் நான்.
அங்கேயும் என்னை யாரும் நிறுத்தியதில்லை.

மறுநாள் சமரிடம் சொல்லியிருக்கலாம்.
மறுநாள் வழி மூடியிருந்தது.
பிறகு வேறு பேச்சுகள்.

இன்று சாயங்காலம் முதுநகர் ரயில்வே கேட்டில் நிற்கையில்
அவளிடமிருந்து மெசேஜ்:
நாலு நாளாக மூடியிருக்கு, நீ எப்படி?
இங்கேயும் மூடியிருக்கு என்று அடித்தேன்.
அழித்தேன்.
கூட்ஸ் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது.
மீன்கூடைக்காரம்மா, ஷேர் ஆட்டோ, ஒரு நீதிபதியின் கார்,
எல்லோரும் நின்றோம்.
பத்துப் பத்தாகப் பெட்டிகளை எண்ணினேன், அவள் மொழியில்.
எங்க ஊர்லயும் உண்டு என்று அடித்துவிட்டு
மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் நிற்கும்போதே

கடைசிப் பெட்டி போயிற்று. கேட் இன்னும் ஏறவில்லை.
ஒரு பையன் குனிந்து
சைக்கிளைச் சாய்த்து உள்ளே நுழைந்து
தண்டவாளத்தைத் தாண்டி ஓடினான்.

யாரும் ஒன்றும் செய்யவில்லை.