நானூறு மீற்றர்

விமானம் வந்து நிற்கும் இடத்திலிருந்து
நானூறு மீற்றருக்குள்
ஒரு நுளம்புக் குடம்பியும் இருக்கக்கூடாது.
எந்த நாட்டில் கூடியிருந்து எழுதிய விதியோ,
பலாலியில் அதை நடந்து பார்ப்பது நான்.

ஒரு கையில் நீளப் பிடி போட்ட வெள்ளை அகப்பை,
மற்றதில் டோர்ச்.
தூரத்தில் நிற்கிறவை
அன்னதானத்துக்குக் குழம்பு வார்க்க வந்தவள்
எண்டு நினைப்பினம்.

உள்ளே குளிரூட்டிய கூடத்தில்
ஒரு கமரா நெற்றிகளை நிறம் பிரிக்கிறது.
அதற்குப் பின்னால் கிருபைநாதன்.
இரண்டு மாதத்தில் அவன் மறித்த சிவப்பு நாலு:
வெயிலில் படியிறங்கிய ஒரு மனிசி,
அழுதழுது வந்த குழந்தை,
சண்டை பிடித்துக்கொண்டு வந்த ஒருவர்,
நாலாவது மெய்யாகவே காய்ச்சல், தொண்டை நோ.
பனடோல் போட்டு ஏறியவர்
பச்சை நெற்றியோடு
மாலை வைத்திருக்கும் மைத்துனரிடம் போய்விடுவார்.

மலேரியா ஈரலுக்குள்
பத்து நாள் பேசாமல் இருக்கும்.
கமராவின் பொறுமை அரை வினாடி.

அதனால்தான் நான் தண்ணீரைப் பார்க்கிறேன்.
வருகிற இரத்தத்தை மறிக்க ஏலாது.
அதைக் குடிக்க இங்கே ஆள் இல்லாமல் செய்யலாம்.

கிழக்கே ரயர், சிரட்டை, கன்ரீன் தாங்கி.
வடக்கே கடற்காற்று, ஒன்றுமில்லை.
மேற்கே முந்நூற்றுப் பத்தாவது மீற்றரில் முட்கம்பி.
அதற்கு அங்கால்
என் வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி:
கிணறு, இலக்கம் இருபத்தேழு.

மூன்று மொழியிலும் கடிதம் எழுதினேன்.
முட்டை குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, பறக்க
ஒன்பது நாள்.
கடிதம் ஒரு மேசை கடக்கப் பதினொரு நாள்.

ஆவணியில் ஒரு செவ்வாய், இருபது நிமிடம் தந்தார்கள்.
கூட வந்த கோப்ரல் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார்.
கட்டு உடையாத கிணறு. கண்ணாடித் தண்ணீர்.
அள்ளினேன். ஒன்றுமில்லை. அள்ளினேன்.
ஒன்பதாவது அகப்பையில் மூன்று,
தலைகீழாய்த் தொங்காமல்
தண்ணீரின் தோலோடு ஒட்டிப் படுத்தபடி.
அந்தச் சாதிதான்.

கோப்ரல் குனிந்து பார்த்தார்.
"மதவாச்சி," என்றார், தன் நெஞ்சைத் தொட்டு.
கையை இடுப்புயரத்துக்கு இறக்கி
அப்போது தான் இவ்வளவு என்றார்.
பிறகு துவக்கைத் தோளில் சரிசெய்துவிட்டு
பல்லுக் கிட்டும்படி நடுங்கிக் காட்டினார்.
நடுங்கி முடிந்தும் சிரிக்கவில்லை.

பொலித்தீன் பையை அவிழ்த்து
இருபது கப்பி மீன் விட்டேன்.
நேரம் முடிந்தது.
மீனைத் தான் பார்ப்பதாகச் சைகை செய்தார்.

போன வெள்ளி, சென்னை விமானம்.
கண் ஒப்பரேசன் முடித்து
கறுப்புக் கண்ணாடியோடு தில்லையம்பலம்.
நெற்றி பச்சை.
படிவத்தில், அடுத்த பதினாலு நாள் தங்கும் விலாசம்:
புளியடி ஒழுங்கை, வயாவிளான்.
"ஐயா, இதுக்குள்ள ஆரும் போகேலாதே,
காய்ச்சல் வந்தால் நாங்கள் எங்க வந்து தேடுறது?"
கிருபைநாதன் கேட்டான்.
"விலாசம் கேட்டியள். எழுதினன்."
முப்பது வருடத்துக்கு மேலாய்
எல்லாப் படிவத்திலும் அதுதானாம்.

நான் ரத்தம் எடுக்க விரலைப் பிடித்திருந்தேன்.
ஒழுங்கையின் பெயர் என் வரைபடத்திலும் இருந்தது.
சொல்லலாமா எண்டு விதியில் இல்லை.
"கிணறு நல்லாயிருக்கு," என்றேன்.
"போன கிழமை பாத்தது. குடம்பி இல்லை. மீன் நிக்குது."

விரல் கண்ணாடித் துண்டின்மேல் அசையவில்லை.
"எத்தினை?"

"விட்டது இருபது.
கோப்ரல் எண்ணினால் பதினேழு."

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
மற்றக் கையால் பேனை கேட்டார்.
இணுவிலில் மகளின் வீட்டு விலாசத்தைக் கீழே எழுதினார்.
மேலே இருந்ததை
ஒரேயொரு கோட்டால் வெட்டினார்,
வாசிக்கக்கூடிய மாதிரி.