எடைபோடாதது

ஆஸ்ட்ராவாவில், டிராம் திரும்பும் முனையில்
நீலத் தொட்டிகள் வைத்திருந்தீர்களே,
உங்களுக்குத்தான் இது.
பெயர் தெரியாது.
ரப்பர் ஏப்ரன். கட்டைவிரலில் பிளாஸ்திரி.

இருபத்து மூன்றாம் தேதி, மாலை நாலுக்கே இருட்டு.
வரிசையில் எனக்கு முன்னால் ஏழு பேர்,
ஏழு பேருக்கும் முழுக் கெண்டை.
ஒருவர் உயிரோடு வாங்கி
வாளியோடு டிராம் ஏறினார்.
என் கையுறைக்குள் இருநூற்றுப் பத்து குரோனா,
வெந்நீரில் சுருங்கிய துணிபோல.

"எத்தனை கிலோ?"
"தலை மட்டும் கிடைக்குமா?" என்றேன்,
பூனைக்குக் கேட்பவள் மாதிரி.
எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
குனிந்து, இரண்டு தலைகளைத் தாளில் சுற்றி
நாற்பது என்றீர்கள்.
இனாம் என்று சொல்லவில்லை பாருங்கள்,
அதற்காகவே எழுதுகிறேன்.
பிறகு பலகையை வழித்து
ஒரு பிடி செதிலைப் பையில் போட்டீர்கள்:
"இதை யாரும் எடைபோடுவதில்லை."

தட்டுக்கு அடியில் ஒரு செதில் வைத்தால்
வருஷம் முழுக்கக் காசு தங்கும் என்பார்கள் இங்கே.
வெந்துலா தேநீர் வடிகட்டியில் கழுவி எண்ணினாள்.
நாற்பத்தெட்டு.
சூடாக்கியை ஓர் அறைக்கு மட்டும் திறந்திருந்தோம்,
அதன்மேல் காயவைத்தாள்.
வீடே ஆற்றின் வாசனை.

மரம் வாங்கவில்லை.
மரக்கடையில் முறிந்து கிடந்த கிளைகளை
ராதிம் துடைப்பக் கம்பில் கட்டினான்.
ஒரு பக்கம் வழுக்கை.
அந்தப் பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்தோம்.

உருளைக்கிழங்கை நீளவாட்டில் சீவி
வாலும் துடுப்பும் வெட்டி, கிராம்பில் கண் வைத்து
ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தோம்.
மத்தோஷ் செய்தது சுறா.
அவன்தான் நாலு நாளாக
எதிர்வீட்டுக் குளியல் தொட்டியில் நீந்திய மீனைப்
போய்ப் போய்ப் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் இருந்தவன்.

தலை சூப் முடிந்தது. தட்டைத் தூக்கினோம்.
ஊரார் தட்டுக்கு ஒன்று,
எங்கள் தட்டுக்குப் பன்னிரண்டு!
அதனால்தானா சாப்பாடு முழுக்க
மேசை அப்படி ஆடியது?

கடை திறந்தது மத்தோஷ்.
தலை கோதிவிட ஒரு செதில்,
சுறாவின் வாலில் ஒரு கடி, இரண்டு.
வெந்துலா கணக்குநோட்டில் வரவு எழுதினாள்.
"அப்பா, நீ என்ன விக்கிறே?"

சுரங்கம் மூடி ஏழு மாதம்.
அந்தச் சொல்லையே வீட்டில் எடுக்காத மனுஷன்
சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.
"கதை. மூணு செதில்."
முதல் வாரம், எழுநூறு மீட்டர் கீழே,
ஒற்றை பூட்ஸைத் தொலைத்துவிட்டு
மேலாளருக்கு முன்னால்
ஒரே காலில் நின்ற கதை.
இன்னொன்று, இன்னொன்று என்று
பிள்ளைகள் திவாலானார்கள்.
நானும்தான். எனக்கே தெரியாத கதைகள் அவை.
பாத்திரம் கழுவக் கடன் கேட்டேன்.
தந்தான், வட்டி பேசி.

மணி அடித்து, கதவு திறந்து, பரிசு:
இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஜோடி சறுக்குக் காலணி,
பழையது.
வெந்துலாவுக்குக் கொஞ்சம் கடிக்கும்.
மத்தோஷுக்கு மூன்று காலுறை போட்டால் சரி.
யார் முதலில் என்று சண்டை வந்தது.
பொய் எதற்கு, அழுகையும் வந்தது.

ஜனவரியில் வேலைவாய்ப்பு அலுவலகம்.
ராதிம் அடையாள அட்டையை நீட்ட,
அவன் படத்தின் கண்மேல் ஒட்டியிருந்தது ஒரு செதில்.
அந்த அம்மாள் நகத்தால் சுரண்டி
விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு
திரும்ப அவன் பர்ஸிலேயே வைத்தாளாம்.
வேலையா? இன்னும் இல்லை.

அடுத்த டிசம்பரும் வரிசையில் நிற்பேன்.
முழு மீனா, தலையா,
இப்போது சொல்ல முடியாது.
பலகையை மட்டும்
என் முறை வரும்வரை வழித்துவிடாதீர்கள்.