லஸ்கர்

படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
படை. பணி.
நடுவே ஒரு கோடு,
நகலெடுத்து நகலெடுத்து மங்கிப்போனது.
தம்பி இளவழுதி முதல் கட்டத்தில் குறியிட்டான்.
அவன் வயதுப் பையன்கள்
ஏதோ ஒன்றில் குறியிட்டே ஆகவேண்டும்.

எனக்கு அந்தத் தாளே வரவில்லை.
நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறிப் போய்க் கேட்டேன்.
"பெண்களுக்குக் கட்டாயம் இல்லையேம்மா" என்றார் எழுத்தர்.
கட்டாயம் இல்லாததைக் கேட்டு வருகிறவளை
எந்தப் பதிவேட்டில் ஏற்றுவதென்று
அவருக்குத் தெரியவில்லை.
கடைசிப் பக்கத்து ஓரத்தில் எழுதிக்கொண்டார்:
குமுதவல்லி, இருபத்திரண்டு, விருப்பம்.

வேறெந்த அரசாங்கத் தாளிலும்
என் பெயருக்குப் பக்கத்தில்
அந்தச் சொல் இருந்ததில்லை.

*

தலைஞாயிறுக்குக் கிழக்கே
ஆறு கடலை முகர்ந்து தயங்கும் இடத்தில்
பத்துக் கண் வைத்த இயக்கு அணை.
ஒன்பது வருடமாய் லஸ்கர் வேலை காலி.
கிரீஸ் டப்பா ஒன்று, டார்ச் ஒன்று,
துப்பாக்கி கனத்தில் ஓர் இரும்புக் கைப்பிடி
(துப்பாக்கியின் கனம் தம்பி சொல்லித்தான் தெரியும்).
கடல் ஏறினால் கதவை இறக்கு,
கடல் வாங்கினால் கதவை ஏற்று,
அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தூங்காதே.
இவ்வளவுதான் வேலை.

லஸ்கர் என்றால் பாரசீகத்தில் படையாம்.
என்னோடு பணிக்கு வந்த
நாகூர் மெஹருன்னிசா சொன்னாள்.
எந்தப் போரிலிருந்து ஓடிவந்ததோ அந்தச் சொல்,
பொதுப்பணித்துறையில்
மதகு திறக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டது.

தம்பி போன் பண்ணினான்.
"என்ன செய்யறே?"
மணல் மூட்டை அடுக்கறேன்.
"நானும்தான்."
பிறகு சிக்னல் போய்விட்டது.

*

கார்த்திகை அமாவாசை. மூன்றாம் நாள் மழை.
சம்பாப் பயிர் நுனியும் தெரியாமல் மூழ்கியிருந்தது.
மேற்கேயிருந்து நாற்பது பேர் வந்தார்கள்:
"திற."
கிழக்கேயிருந்து முப்பது பேர் வந்தார்கள்:
"திறந்தா எங்க தெரு போயிடும்."
மண்வெட்டிகள், ஒன்றிரண்டு அரிவாள்,
எல்லார் முகத்திலும் ஒரே மழை.
அதிகாரியின் போன் அணைந்து கிடந்தது.
கைப்பிடியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"ரெண்டே காலுக்குக் கடல் வாங்கும்.
இப்பத் திறந்தா தண்ணி போகாது,
உப்புதான் உள்ள வரும்.
கதவு கடலுக்குத்தான் மூடியிருக்கு,
உங்களுக்கு இல்ல."
பாதிப் பேருக்குக் கேட்கவில்லை.
கேட்டவர்களில் பாதிப் பேர் நம்பவில்லை.
யாரோ எறிந்த சேற்றுக்கட்டி
தோளில் விழுந்து வழிந்தது.

மெஹருன்னிசா
மேற்கத்திக்காரர்கள் பக்கம் திரும்பி,
சும்மா நிற்கிற நேரத்தில்
கிழக்குத் தெருவுக்கு மூட்டை சுமக்க
யாராவது வருவீர்களா என்றாள்.
ஏழு பேர் போனார்கள்.
நாற்பதில் ஏழு.
ஒருவர் அவளைத் திட்டிக்கொண்டே போனார்.

ரெண்டே காலுக்கு நான்கு கண் திறந்தேன்.
பத்தும் இல்லை.
அது சரியான எண்ணா என்று
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
மேற்கே எண்பது ஏக்கர் அழுகியது, மற்றது தலைதூக்கியது.
கிழக்கே இரண்டு வீட்டுச் சுவர் கரைந்து உட்கார்ந்தது.
பதிவேட்டில்
நீர்மட்டத்துக்கு ஒரு பத்தி உண்டு,
கதவின் உயரத்துக்கு ஒரு பத்தி உண்டு.
சுவருக்கு இல்லை.

மூன்றாம் நாள்
சுவர் போன வீட்டுக்காரர் ஒருவர் வந்தார்.
கட்டைச்சுவரில் சாய்ந்து
வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அடுத்த பௌர்ணமி என்றைக்கு என்று கேட்டார்.
சொன்னேன்.
"வந்து நிக்கிறேன்."

திறக்கவா,
திறக்கவிடாமல் தடுக்கவா,
நான் கேட்கவில்லை.
இன்னொரு கைப்பிடிக்கு மட்டும்
கிரீஸ் போட்டு வைத்திருக்கிறேன்.